பேரிங் கட்டையும் தேர் மரமும்

சங்கரேஸ்வரிக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, வேலை வரும். சனிக்கிழமை காலையில் தம்பி இசக்கிமணி பட்டறைக்குள் ஓடி வந்து போனை நீட்டியபோதும் அப்படித்தான் ஆயிற்று. வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வைஸ் இடுக்கியில் மாட்டியிருந்த மரப்பத்தையை அரத்தால் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"யக்கா, எதாவது சொல்லு."

"சொல்லுதேன். இதைத் தேச்சு முடிச்சுக்கிடுதேன்."

போனில் இருந்தது ஊர் வாட்ஸப் குரூப். அவள் செய்வதை விற்றுத் தரும் சென்னைக் கேஷவின் ஆன்லைன் கடைப் பக்கத்தை யாரோ படம் பிடித்து அதில் போட்டிருந்தார்கள். அவள் பிடி போட்ட சவரக்கத்தி ஒன்று பளபளவென்று விரிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே மேலத்தெருக் கோயில் தேர், தோரணமும் குலைவாழையுமாக. கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததை யாரோ ஒரு புண்ணியவான் தமிழாக்கியும் கொடுத்திருந்தான். "முந்நூறு ஆண்டு பழமையான இந்தக் கோயில் தேரின் மரத்தில் செதுக்கப்பட்ட கைப்பிடி. மொத்தம் பன்னிரண்டு மட்டுமே."

அதன் கீழே ஊரே கூடி வசை பாடியிருந்தது. தேர் மரத்தை எவன் எடுத்துக் கொடுத்தான் என்று ஒருத்தர். போலீஸில் சொல்லணும் என்று ஒருத்தர். "சாமி ஏறுன தேரை உடைச்சு, செரைக்க கத்திக்குப் பிடி போட்டிருக்காளுவ" என்று ஒருத்தர். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் நாற்பது பேர் கைகூப்பியும் கோபமுகம் காட்டியும் ஆமோதித்திருந்தார்கள்.

திருடி என்று சொன்னது அவளுக்கு எரிச்சல். செரைக்க கத்தி என்று சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது.

இத்தனைக்கும் அந்தக் கத்தியில் ஒளிவுமறைவாக ஒன்றும் இல்லை. முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவள் சங்கரேஸ்வரி. இசக்கிமணிக்குத் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு நாற்காலி போட்ட சலூன். வெள்ளி, ஞாயிறுகளில் மேலத்தெருக் கோயிலில் மொட்டை போடும் உரிமையும் அவனுக்குத்தான். சங்கரேஸ்வரி செங்கோட்டையில் ஒரு மர டிப்போவில் பதினோரு வருஷம் பில் போட்டவள். பில் போடுகிறவளுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தவர்கள் எல்லாம் பிறகு அவளிடம் வந்துதான், இது ஈட்டி மரமா இல்லை சாயம் போட்ட கட்டையா என்று மோந்து பார்க்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் புளியங்குடி எலுமிச்சை லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வர பத்து நாள் ஆகும். டிப்போ மூடியதும் அவள் இலஞ்சியில் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டுப் பட்டறை வைத்துக்கொண்டாள்.

இப்போது சலூன்களில் இருப்பதெல்லாம் பிளேடு மாற்றுகிற கத்தி. பழைய முழுக்கத்திகள், அதாவது தோல்வாரில் தீட்டித் தீட்டி மழிக்கிற மடக்குக் கத்திகள், வீட்டுக்கு வீடு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. இரும்பு நூறு வருஷம் ஆனாலும் சாகாது. பிடிதான் உடையும். அப்படி உடைந்தவற்றை வாங்கி, நல்ல மரத்தில் புதுப் பிடி போட்டு, தம்பி கையால் கூர் ஏற்றி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. பெங்களூரில் இருக்கிறான், சிங்கப்பூரில் இருக்கிறான், ஜெர்மனியில் இருக்கிறான். பிளேடு போட்டுக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு சலித்துப் போனவர்கள்.

கேட்கத்தான் லேசான வேலை. மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு மரப்பத்தை. நடுவில் கத்தி. மூன்று இடத்தில் ஓட்டை போட்டு, பித்தளைக் கம்பியைச் செருகி, இரண்டு முனையையும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குமிழாக்க வேண்டும். ஒரு தட்டு கூடினால் மரம் பிளக்கும். குறைந்தால் கத்தி ஆடும். இதில் குற்றாலத்துச் சாரல் வேறு. நாலு மாதம் காற்றே ஈரமாக இருக்கிற ஊரில் மரம் ஊதும், முறுக்கும். ஒரு நூல் முறுக்கினால் போதும், மடக்கும்போது கத்தியின் வாய் மரத்தில் இடித்து மழுங்கும். தம்பி இரண்டு நாள் தீட்டிய தீட்டு ஒரு நொடியில் போச்சு. தேக்கில் செய்து பார்த்தாள், ஊதியது. ஈட்டியில் நாலு தேறினால் ரெண்டு போனது. கருங்காலி என்று கடைத்தெருவில் கிடைத்ததெல்லாம் மாலை வியாபாரிகள் கைபட்டுக் கறுப்புச் சாயத்தில் குளித்து வந்த கட்டை.

அப்படி இருக்கும்போதுதான் தென்காசிப் பழைய இரும்புக் கடை முகம்மது ரபீக், ஒரு சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். எங்கேயோ மூடிப்போன பழைய மில் ஒன்றின் தண்ணீர் டர்பைனைக் கழற்றியபோது வந்ததாம். சுழலுகிற தண்டைத் தாங்க இரும்புக்குப் பதிலாக மரக்கட்டை வைத்திருந்தார்களாம் வெள்ளைக்காரன் காலத்தில். "பேரிங் கட்டைம்மா. அடுப்புக்குப் போட்டா எரிய மாட்டேங்கு, கோடாலி தெறிக்கு. உனக்கு ஆவுமான்னு பாரு." ஒரு கட்டையைக் கையில் தூக்கினாள், கை தாழ்ந்தது. ரம்பம் போட்டாள், உள்ளே தவிட்டு நிறம், வாசனைத் தைலம் மாதிரி ஒரு மணம். வெயில் பட்டு இரண்டு நாளில் அது கரும்பச்சையாக மாறியது. எண்ணெய் உள்ளேயே ஊறிக் கிடக்கிற மரம், பாலிஷே வேண்டாம். எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் தீவுகளில் விளைவதாம். இங்கிலீஷ் பேரைக் கேஷவ்தான் தேடிச் சொன்னான். அவளுக்கு அந்தப் பேர் வாயில் நிற்கவில்லை. பேரிங் கட்டை என்றே வைத்துக்கொண்டாள்.

நாலு மாதம் அந்தக் கட்டையோடு மல்லுக்கட்டிப் பன்னிரண்டு பிடி செய்தாள். ரம்பப் பல் மூன்று தடவை மழுங்கியது. பன்னிரண்டையும் சாரலில் ஒரு வாரம் திறந்தே போட்டாள், ஒரு மயிரிழை முறுக்கவில்லை. வாழ்க்கையில் இதுபோல ஒன்றைச் செய்தோமா என்று அவளுக்கே பூரித்துப் போயிற்று. அந்தப் பன்னிரண்டுக்குத்தான் இப்போது தேர் மரம் என்று பேர்.

பத்தையைத் தேய்த்து முடித்துவிட்டுக் கேஷவுக்குப் போன் போட்டாள். கேஷவின் பூர்வீகம் இந்தப் பக்கம்தான். தாத்தா காலத்திலேயே சென்னைக்குப் போய்விட்ட குடும்பம். தேரோட்டத்துக்கு மட்டும் வந்து படம் பிடித்துக்கொண்டு போவான்.

"மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன். பன்னெண்டு பீஸும் புக் ஆயிடுச்சு. இன்னும் முப்பது பேர் வெயிட்டிங்!"

"தேர் மரம்னு யாரு தம்பி உங்ககிட்டச் சொன்னா?"

"அது ஒரு ஸ்டோரி மேடம். டர்பைன் பேரிங்னு போட்டா எவன் வாங்குவான்? கோயில், தேர், மலை, அருவி, இதுக்குத்தான் ஆளுங்க உருகுறாங்க."

"அது டர்பைன்ல இருந்த மரம். தொண்ணூறு வருசம் தண்ணிக்குள்ள கெடந்து இரும்பைத் தாங்குன மரம். அது ஒரு கதை இல்லியா?"

"மேடம், ப்ளீஸ். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தா போதும். நீங்க மறுத்து எதாவது போட்டீங்கன்னா பன்னெண்டும் கேன்சல் ஆகும். அப்புறம் என்னால உங்க ஐட்டத்தை எடுக்க முடியாது."

"எடுக்காண்டாம்" என்று வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு ரபீக் கொடுத்த ரசீதைப் படம் பிடித்தாள். கேஷவின் பக்கத்திலேயே தமிழில் எழுதிப் போட்டாள்: "இது தேர் மரம் அல்ல. பழைய மில் டர்பைனின் பேரிங் கட்டை. பிடி போட்டது சங்கரேஸ்வரி. கூர் போட்டது இசக்கிமணி. இரண்டு பேரும் சவரத் தொழில் செய்யும் குடும்பம்." மத்தியானத்துக்குள் கேஷவிடமிருந்து ஒரே வரி வந்தது. பன்னிரண்டும் கேன்சல்.

நாலு மாத உழைப்பு அப்படியே பெட்டிக்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் அழவில்லை என்று சொன்னால் பொய். அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ரம்பத்தை எடுத்தாள்.

பொய் உடைந்ததே, ஊர் அடங்கிவிடும் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். ஊருக்கு அப்படியெல்லாம் வழக்கம் கிடையாது. சாயங்காலம் கோயில் கமிட்டியிலிருந்து ரவி பைக்கில் வந்தான். இறங்கக்கூட இல்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டே சொன்னான்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கோயிலுக்கு வரணும்னு தர்மகர்த்தா ஐயா சொல்லிட்டு வரச் சொன்னாங்க. அந்தப் பன்னெண்டு பிடியையும் எடுத்துட்டு வந்துருங்க. குடுத்துட்டு, மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி எழுதிட்டா முடிஞ்சிரும். பிடியை ஆத்துல விட்டுருவோம். போலீஸு கேஸுன்னு போகாண்டாம் பாருங்க."

"அது தேர் மரம் இல்லைன்னு எழுதிப் போட்டாச்சே."

"அது நீங்க சொல்லுதிய. ஊரு நம்பணும்லா?"

பைக் போனதும் ஒரு வழி தோன்றி இசக்கிமணிக்கு முகம் தெளிந்தது. அவன் பயந்த சுபாவம். கோயிலில் மொட்டை உரிமை போனால் பாதி வருமானம் போனது மாதிரி.

"யக்கா, இது ஒரு விசயமே இல்ல. உம் பேரிங் கட்டை தண்ணில போட்டா முங்கும். தேர் மரம் இலுப்பை, முந்நூறு வருசம் காஞ்சது, மெதக்கும். அவங்க முன்னால ஒரு வாளித் தண்ணில ரெண்டையும் போட்டுக் காட்டு. ரெண்டு நிமிசத்துல சோலி முடிஞ்சிரும்."

"காட்ட மாட்டேன்."

"என்னக்கா சொல்லுத?"

"திருட்டுன்னு கேட்டா ரசீது காட்டுதேன். அது நியாயம். ஆனா அவங்களுக்குத் திருட்டா பெருசு? எதுல கொண்டு போய் வச்சேன்ங்கதுதான் பெருசு. இதே மரத்துல ஒருத்தன் சாமி சிலைக்குப் பீடம் செஞ்சிருந்தா ஆத்துல விடச் சொல்லுவானா? நான் வாளித் தண்ணில போட்டு, பாத்துக்கிடுங்க, இது ஒங்க மரம் இல்லைன்னு காட்டுனா, ஒங்க மரம் எங்க கத்தில பட்டா தப்புதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அதை எந்தலை போனாலும் செய்ய மாட்டேன்லே."

அக்கா சொல்வது இசக்கிமணிக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாரல் நூல் பிடித்த மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டு வந்த வெளியூர்க் கூட்டம் கோயில் முன்மண்டபத்தில் ஈரத்தலையோடு நின்றது. ஓரத்தில் இசக்கிமணியின் இடம்: ஒரு முக்காலி, ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர், துண்டு. காலையிலிருந்து மூன்று மொட்டை போட்டிருந்தான். கவனம் பிசகி ஒரு பிள்ளைக்குக் காதோரம் லேசாகக் கீறியும் விட்டான்.

தர்மகர்த்தா குற்றாலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது ஏக்கர் வயல், வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு, சலவை வேட்டி. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாரையும் அதட்டக்கூட மாட்டார். அதட்டாமலேயே காரியம் நடந்து பழகிய மனுஷர். பக்கத்தில் ரவி, கையில் தேர்க் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த இரண்டடி மரத்துண்டு. போன வருஷம் தேரைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்டது.

சங்கரேஸ்வரி பையோடு வந்தாள். பெட்டியையும் ரசீதையும் மண்டபக் கல்லில் வைத்தாள்.

"வணக்கம் அண்ணாச்சி."

கூட்டத்தில் ஒரு சின்னச் சலசலப்பு. இசக்கிமணி தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் வீட்டிலிருந்து குற்றாலிங்கத்தை இதுவரை ஐயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். பலசரக்குக் கடைக்காரரையும் பஸ் கண்டக்டரையும் அண்ணாச்சி என்கிற ஊரில் இவரை மட்டும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

குற்றாலிங்கம் அதைக் கேட்காத மாதிரி ரசீதை எடுத்துப் படித்தார். "நாப்பத்தாறு கிலோ பழைய மரக்கட்டை. சரிம்மா. நீ திருடலைன்னு நான் நம்புதேன். ஆனா உலகம் பூராத் தேர் மரம்னு போட்டாச்சு. எங்க தேர் படத்தையும் போட்டாச்சு. சாமி ஏறுற தேரை, போயும் போயும் அந்தக் கத்திக்கு..."

"எந்தக் கத்திக்கு அண்ணாச்சி?"

"அதாம்மா. அந்தக் கத்தி."

"அதுக்குப் பேரு இருக்கு. சவரக்கத்தி. அன்னா நிக்கான் எந்தம்பி, அவன் கையில இருக்கதும் அதுதான். இங்கன நிக்க அத்தனை பேரும் சாமிக்கு முடி குடுக்க அதுக்கு முன்னாலதான் தலையைக் குனியுதாவ. சாமியே வாங்கிக்கிடுத முடியை வழிக்க கத்தி, தேர் மரம் பட்டா மட்டும் கேவலமாயிருமா?"

"கேவலம்னு யாரும் சொல்லலியே. நீயா எதுக்கு அப்படி நெனைக்க?"

"சொல்லலதான். சொல்லாமத்தான செய்யுதிய."

அவருக்குக் காது சிவந்தது. குரல் மட்டும் ஏறவில்லை. "இங்க பாரு சங்கரி, வளத்தாண்டாம். பெட்டியைக் குடு. எல்லாருக்கும் மனசு சமாதானம் ஆயிரும்."

"குடுக்க மாட்டேன். எங் கை செஞ்சது."

ரவி பெட்டியை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தான். அவ்வளவுதான், இசக்கிமணிக்குத் தாங்கவில்லை. பாய்ந்து வந்து அக்காவின் பைக்குள் கையை விட்டான். ஆணி அடிக்காத உதிரிப் பத்தைகள் இரண்டு எப்போதும் அதில் கிடக்கும். ஒன்றை உருவி, "பாருங்கய்யா, நீங்களே பாருங்க" என்று வாளிக்குள் போட்டுவிட்டான். கல்லைப் போட்ட மாதிரி அடியில் போய் டொக்கென்று உட்கார்ந்தது. ரவியின் கையிலிருந்த தேர் மரத்தில் ஒரு சிம்பைப் பிய்த்துப் போட்டான். அது மேலே வந்து படகு மாதிரி ஆடியது.

"முங்கிட்டு! அது முங்கிட்டு!" என்று புதுமொட்டைப் பிள்ளை ஒன்று கத்தியது.

கூட்டம் முழுக்க ஒரே பெருமூச்சு. அப்போ அது வேற மரந்தான், நான் அப்பமே சொன்னேன் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். இசக்கிமணி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் அவன் பார்வை தரைக்குப் போய்விட்டது. எந்த ஒரு காரியத்தைச் செய்யவே மாட்டேன் என்று நின்றாளோ, அதைக் கூடப் பிறந்தவனே செய்து முடித்துவிட்டான். ஊர் திட்டியபோது வராத வலி இப்போது வந்தது.

குற்றாலிங்கத்துக்கும் பாரம் இறங்கிவிட்டது. சந்தோஷமாகச் சிரித்தார். மனிதர் அதோடு நிறுத்தியிருந்தால் சங்கரேஸ்வரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். தம்பியோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாள், கதையும் அத்தோடு முடிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை.

"சரி, சரி, மன்னிச்சாச்சு. கடுதாசியும் வேண்டாம். நானும் நெனைச்சேன், நம்ம தேர் மரம் எங்க, இது எங்க. அது முந்நூறு வருசம் சாமியைச் சுமந்த மரம். அந்தக் கத்திக்கெல்லாம் இந்த மாதிரிக் காயலாங்கடைக் கட்டை போதும்மா. தேர் மரம் எதுக்கு?"

சங்கரேஸ்வரி வாளிக்குள் கையை விட்டுத் தன் பத்தையை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"மன்னிப்பு நான் கேக்கல அண்ணாச்சி, அதனால அதை நீங்களே வச்சுக்கிடுங்க. போதும் போதாதுன்னு சொன்னியள்ளா, அதை மட்டும் பாத்துருவோம். ரவி கையில இருக்க மரத்துல ஒரு பிடி செஞ்சு காட்டட்டுமா? இங்கனயே. இப்பமே."

"என்னத்துக்கு?"

"எது எதுக்குப் போதும்னு தெரியணும்லா?"

பூக்கடை ஆவுடையம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "செய்யட்டுமே ஐயா. கொட்டகையில கரையான் திங்கதுல ஒரு துண்டு. எங்களுக்கும் எப்படித்தான் செய்யுதான்னு பாக்கணும்னு இருக்கு."

குற்றாலிங்கம் யோசித்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எத்தனையோ வழி இருந்தது. ஆனால் தேர் என்று வந்துவிட்டால் அவருக்குப் பெருமை பொங்கும். தேர் வடத்தை முதலில் தொடுகிற கை அவர் குடும்பத்துக் கை. "செய்யேன். அத்தனை பாரத்தையும் தாங்குன மரம். உன் குண்டூசி அதை என்ன செஞ்சிரும்? அடி, பாப்போம்."

அவள் மண்டபக் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து சின்ன ரம்பம், அரம், கை டிரில், பித்தளைக் கம்பி, சுத்தியல் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தேர் மரத்தைக் கால் பெருவிரலாலும் குதிகாலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அறுத்தாள். ரம்பம் வெண்ணெயில் போகிற மாதிரி போனது. இரண்டு பத்தை, சரியாக மூன்று மில்லி. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அவளுக்குத் தெரியவில்லை. மொட்டைக்கு வந்தவர்கள், சாமி கும்பிட வந்தவர்கள், குடை பிடித்தவர்கள், எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஓட்டை போட்டாள். வாயால் ஊதித் தூளைத் தள்ளினாள். கம்பியைச் செருகி நறுக்கினாள்.

"பொய் சொல்ல மாட்டேன். என்ன பக்குவமா அடிப்பேனோ அதே பக்குவத்துலதான் அடிக்கேன். எல்லாரும் பாத்துக்கிடுங்க."

டிக். டிக். டிக். தூக்கணாங்குருவி கொத்துகிற மாதிரி அத்தனை மெதுவாக. ஆறாவது தட்டில் மரம் ரேகையோடு ரேகையாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிளந்தது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை, அப்பளம் உடைகிற சத்தம்.

அவள் இரண்டாவது பத்தையை எடுத்தாள். இந்தத் தடவை இன்னும் மெதுவாக. நாலாவது தட்டிலேயே போயிற்று.

அப்புறம் வாளியிலிருந்து எடுத்த தன் பத்தையை வைத்தாள். ஓட்டை போட டிரில் முனகியது. சுருள் சுருளாக எண்ணெய்ப் பசையோடு தூள் வந்தது, சாரல் காற்றில் அந்த மணம் மண்டபம் முழுக்கப் பரவியது. கம்பியைச் செருகித் தட்டினாள். பத்துத் தட்டு, பதினைந்து தட்டு. குமிழ் அழகாக உட்கார்ந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

தலைகுனிந்து நின்ற இசக்கிமணிக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து பத்தையின் மறுமுனையை விரலால் அழுத்திப் பிடித்தான். "யக்கா, இன்னும் ஓங்கி அடி."

ஓங்கி அடித்தாள். கத்திப் பிடிக்கு எவனும் அடிக்காத அடி. பித்தளை நசுங்கித் தகடாகப் போயிற்று. மரம் அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கூட்டத்தில் முதலில் நின்ற வெளியூர்க்காரர் கையில் கொடுத்தாள். கை கையாக மாறிப் போயிற்று. வளைத்துப் பார்த்தார்கள், நகத்தால் கீறிப் பார்த்தார்கள். கடைசியில் அது குற்றாலிங்கத்திடம் வந்தது. அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கல்லில் வைத்தார்.

சங்கரேஸ்வரி எழுந்து நின்றாள். அவள் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பேசினாள்.

"தேருக்கு நல்ல மரம் அண்ணாச்சி, குறை சொல்ல மாட்டேன். கட்டை கட்டையா வச்சா சாமியைத் தாங்கும். ஆனா எங்க கத்தியைத் தாங்காது. நீங்க ஏலம் விட்டாலும் எடுக்க மாட்டேன், சும்மா குடுத்தாலும் எங்களுக்கு வேண்டாம். எங்க தொழிலுக்கு ஆகாத மரம் இது."

குற்றாலிங்கம் ரவியைப் பார்த்தார். ரவி கோயில் கோபுரத்தைப் பார்த்தான். கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டது.

அவள் குனிந்து ஆவுடையம்மாளின் கூடையிலிருந்து ஒரு வாழையிலைக் கிழிசலை எடுத்தாள். பிளந்த நாலு துண்டையும் அதில் வைத்தாள். கல்லில் சிந்தியிருந்த தேர் மரத் தூளை உள்ளங்கையால் கூட்டி அள்ளிப் போட்டாள். வாளியில் மிதந்துகொண்டிருந்த சிம்பையும் எடுத்து, உதறி, அதன் மேல் வைத்தாள். மீந்த மரத்துண்டை ரவியின் கையில் கொடுத்துவிட்டு, இலையைக் குற்றாலிங்கத்துக்கு முன்னால் நீட்டினாள்.

கோயில் மண்டபத்தில் இலையில் வைத்து யாராவது எதையாவது நீட்டினால் இரண்டு கையையும் ஏந்துவது அவருக்கு அறுபது வருஷப் பழக்கம். ஏந்தி வாங்கிக்கொண்டார்.

"கோயில் சொத்து. எண்ணிப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஒரு சிராய் குறைஞ்சாலும் நாளைக்கு எங்க வீட்டுலதான் தேடுவிய" என்றாள் சங்கரேஸ்வரி.

அவர் ஏந்திய கையோடு நின்றார். அவள் பன்னிரண்டு பிடியும் இருந்த பெட்டியை இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள்.